கால்வாய்க் கரையில் சைக்கிள்

டெல்லியில் சைக்கிள் விடுகிறவர்களை இரண்டு வர்க்கமாகப் பிரித்துவிடலாம். சைக்கிள் ஏறாவிட்டால் அன்றைய பிழைப்பு நடக்காது என்கிறவர்கள் ஒரு வர்க்கம்; ஏறாவிட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்கிறவர்கள் மற்றொரு வர்க்கம். முன்னவர்கள், கேரியரில் சாப்பாட்டு டப்பாவோ கொல்லத்துக் கரண்டியோ கட்டிய கறுப்பு வண்டியில், பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவே மிஞ்சுகிற ஒரு முழ அகலத்தில், காலை முதல் இரவுவரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய்வருகிறார்கள். பின்னவர்கள், ஹெல்மெட்டும் இறுக்கமான சட்டையும் தரித்து, கிழக்கு வெளுப்பதற்கு முன்பே இந்தியா கேட்டைச் சுற்றிவிட்டு, தலைநகரத்தின் கார்கள் விழித்துக்கொள்வதற்குள் வீடு திரும்பிவிடுகிறார்கள். ஒரே நகரத்தில், ஒரே வாகனத்தின்மீது, ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்காமலே காலம் கழிக்கிற இந்த இரு வர்க்கத்தாரும் நேருக்கு நேர் சந்தித்து 'ராம் ராம்' சொல்லிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டென்றால், அது நகரத்துக்கு வெளியே ஓடும் கால்வாய்களின் கரைதான்.

பின்னவர்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது, சில வருஷங்களாகக் கடைகளில் காணப்படும் கிராவல் சைக்கிள் என்ற தினுசு. எட்ட நின்று பார்த்தால் பந்தய வண்டியின் சாயல்தான்: ஆட்டுக்கடாவின் கொம்புபோல் கீழே வளைந்த ஹேண்டில்பார், கையால் தூக்கிவிடக்கூடிய லேசான சட்டம். கிட்டே போய் டயரைப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். பந்தய வண்டியின் டயர் ஏறக்குறைய 25 முதல் 28 மில்லிமீட்டர் அகலம்; இதற்கோ 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை உண்டு. பந்தய டயரில் காற்றைக் கல்லாக இறுகும்படி அடிப்பார்கள். இதில் கட்டைவிரலால் அழுத்தினால் சற்றே உள்வாங்கும் அளவுக்கு, சதுர அங்குலத்துக்கு 30 அல்லது 40 பவுண்டோடு நிறுத்திக்கொள்வார்கள். காற்று எவ்வளவுக்கெவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கவ்வளவு வேகம் என்பது நம்முடைய பால்ய காலத்து நம்பிக்கை. வழவழப்பான தார்ச் சாலையைப் பொறுத்தமட்டில் அது ஒரு வகையில் மெய்யும்கூட. ஆனால் சரளையும் கட்டியுமான மண்பாதையில் இறுகிய டயர் ஒவ்வொரு கல்லின்மீதும் ஏறி விழுந்து, வண்டியையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப்போடுவதிலேயே மிதிக்கிறவனுடைய பலத்தை விரயமாக்கிவிடுகிறது. தளர்ந்த டயரோ கல்லைத் தனக்குள் வாங்கிக்கொண்டு மேலே நடக்கிறது. இந்த ஒரு சூக்ஷ்மத்தின்மேல்தான் புது வண்டியின் கீர்த்தி முழுவதும் நிற்கிறது.

இதைப் புதுமை என்று கொண்டாடுகிறவர்கள், பால்காரருடைய பழைய கறுப்பு சைக்கிளின் டயரில் அச்சிட்டிருக்கும் அளவைக் குனிந்து படிப்பது நல்லது. 28 அங்குலம், ஒன்றரை அங்குலம் என்று இருக்கும். ஒன்றரை அங்குலம் என்பது ஏறக்குறைய 40 மில்லிமீட்டர். இன்றைய கிராவல் டயரின் நட்ட நடு அளவு. தார் காணாத பாதைகளுக்காக இங்கிலாந்தில் வகுக்கப்பட்ட அந்த வண்டியை, லூதியானாவிலும் சோனிபட்டிலும் நம் அம்பத்தூரிலும் லக்ஷக்கணக்கில் செய்து தள்ளினோம். வட இந்தியக் கிராமங்களின் பாலும் கீரையும் தலைமுறை தலைமுறையாக அதன்மேல் ஏறித்தான் பட்டணம் வந்து சேர்ந்தன. பல லக்ஷம் ரூபாய் வரைக்கும் விலை போகிற புது வண்டியில் கியரும் டிஸ்க் பிரேக்கும் கூடியிருக்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை. மண்பாதையில் சுகமாகப் போகும் ரகசியத்தை மட்டும் அது புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை.

கிராவல் பந்தயம் என்ற விளையாட்டு வளர்ந்தது அமெரிக்காவில். கான்ஸாஸ் மாகாணத்து எம்போரியா என்ற சிற்றூரில், பண்ணைகளுக்கு நடுவே செல்லும் கல்பாதைகளில், 2006-இல் தொடங்கிய ஒரு நெடுந்தூரப் பந்தயம் அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. 2022-இல் இத்தாலியில் உலக சாம்பியன் போட்டியே நடந்துவிட்டது. பந்தயத்தை விட்டுவிட்டு, பாதையை ரசித்துப் போவதை எடுத்துக்கொண்டால், அதன் தாய்வீடு இங்கிலாந்துதான். அங்கே 1955-லேயே, தார்ச் சாலையை வேண்டுமென்றே தவிர்த்து மலைத்தடத்திலும் சேற்றுவழியிலும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் ஒன்றுகூடி, ரஃப் ஸ்டஃப் ஃபெல்லோஷிப் என்ற சங்கத்தை ஸ்தாபித்தார்கள். அவர்களுக்கு வாய்த்த பாதைகள் இரண்டு விதம். ஒன்று, குதிரை படகை இழுத்துச் சென்ற கால்வாய்க் கரை. ரயில் வந்து படகுப் போக்குவரத்தை வீழ்த்திய பிறகும் அந்தக் கரைகள் அழியவில்லை. ரெடிங் நகருக்கும் பிரிஸ்டலுக்கும் இடையே நீர்வழியாக அமைந்த கென்னட்-ஏவன் கால்வாயின் 140 கிலோமீட்டர் நீளத்தில், டிவைஸிஸ் என்ற ஊருக்கருகே பதினாறு நீர்மதகுகள் மாடிப்படிபோல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகிற காட்சியை, கரையோடு சைக்கிளில் போகிறவன் ஒவ்வொரு படியாகக் கண்டு கடக்கலாம். மற்றொன்று, வயல்களுக்கும் குன்றுகளுக்கும் ஊடே செல்லும் குதிரைத்தடம். நம் கிராமக் கணக்கில் வண்டிப்பாதை குறிக்கப்படுவதுபோல அங்கே இவை தேசப்படத்தில் பதிவானவை. நிலம் யாருடையதாக இருந்தாலும் வழி பொதுஜனத்தினுடையது. 1968-இல் வந்த கிராமப்புறச் சட்டம், நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு, அந்தத் தடங்களில் சைக்கிளுக்கும் உரிமை கொடுத்தது. 2020-இல், வின்செஸ்டரில் புறப்பட்டு ஸ்டோன்ஹெஞ்ச் வழியாகச் சுற்றி அங்கேயே திரும்பும் 350 கிலோமீட்டர் வழிக்கு ஆல்ஃபிரட் அரசரின் பெயரைச் சூட்டி, அங்குள்ள சைக்கிள் சங்கம் வெளியிட்டபோது, புதிதாக ஒரு கூடை மண்கூடக் கொட்ட வேண்டியிருக்கவில்லை. இருந்த தடங்களைக் கோத்துக் காட்டினார்கள், அவ்வளவே.

டெல்லியைச் சுற்றியுள்ள கால்வாய்களில் மூத்தது, அந்தக் கென்னட்-ஏவன் கால்வாயைவிடப் பிராசீனமானது. ஹிசார் நகரத்துக்கு யமுனையின் நீரைக் கொண்டுபோவதற்காக ஃபிரோஸ் ஷா துக்ளக் பதினான்காம் நூற்றாண்டில் வெட்டிய கால்வாயே, பின்னால் மேற்கு யமுனைக் கால்வாய் ஆயிற்று. ஷாஜஹான் புதுத் தலைநகரம் எழுப்பியபோது அலி மர்தான் கான் என்ற பிரபுவின் மேற்பார்வையில் அது டெல்லிக்கு நீட்டப்பட்டு, சாந்தினி சௌக்கின் நடுவே ஓடி, செங்கோட்டை அந்தப்புரத்தின் சலவைக்கல் வாய்க்கால்களில் 'சொர்க்கத்து நதி' என்ற பெயரோடு சலசலத்தது. மொகலாய ராஜ்யம் தளர்ந்தபோது தூர்ந்துபோன அந்த நீர்வழியை, கம்பெனி சர்க்காரின் எஞ்சினீயர்கள் செப்பனிட்டு 1820-இல் மறுபடியும் டெல்லிக்கு நீர் வரச் செய்தார்கள். பிறகு வந்தது கங்கைக் கால்வாய். ப்ரோபி காட்லி என்ற எஞ்சினீயர் 1842-இல் ஹரித்வாரில் தொடங்கி, நடுவில் இங்கிலாந்துக்கு லீவில் போய், ஆள் மாற்றி ஆள் பார்த்து, 1854 ஏப்ரலில் நீர் திறந்துவிட்ட அந்தப் பெருங்காரியம், ரூர்க்கியில் சோலானி ஆற்றின் தலைக்குமேல் ஒரு நதியையே பாலத்தில் ஏற்றிக்கொண்டு போகிறது; பாலத்தின் முனைகளில் காவலிருக்கும் கல்சிங்கங்களை இன்றும் காணலாம். அந்தக் கால்வாயின் அமைப்பில் பல குற்றங்களைக் கண்டுபிடித்து அச்சிட்டு வெளியிட்டவர், கொள்ளிடத்தின் மேலணையைக் கட்டி நமக்குப் பரிச்சயமான ஆர்தர் காட்டன். காட்லியும் சளைக்காமல் பதில் எழுதினார். 1874-இல், டெல்லிக்குத் தெற்கே ஓக்லாவில் யமுனையை மறித்து ஆக்ராக் கால்வாய் திறக்கப்பட்டது. அதில் 1904 வரையில் படகும் ஓடியது என்று சொன்னால், இப்போது அங்கே காளிந்தி குஞ்ச் பாலத்தின்மேல் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறவர் நம்பமாட்டார்.

இந்தக் கால்வாய்களின் இரு கரையிலும் ஒரு மண்பாதை உண்டு. ஜனங்கள் அதைப் 'பட்ரி' என்கிறார்கள். உடைப்பு எங்கே, திருட்டு மடை எங்கே என்று பார்த்துக்கொண்டு எஞ்சினீயர் துரை குதிரைமேல் போவதற்காகப் போடப்பட்ட பாதை அது. ஆகவே அதன் லக்ஷணமெல்லாம் குதிரையைக் கருதி அமைந்தது: கால்வாயோடு கால்வாயாகச் சமதளத்தில் செல்லும், நீர் எப்படிப் படிப்படியாகத் தாழ்கிறதோ அப்படியே கண்ணுக்குத் தெரியாமல் தாழும், சில மைல்களுக்கொரு பாலமும், அங்கங்கே மரங்களுக்கு நடுவில் சுண்ணாம்பு உதிர்ந்த இன்ஸ்பெக்ஷன் பங்களாவும் வரும். குதிரைக்கு இதமானது சைக்கிளுக்கும் இதமாகத்தானே இருக்கும்.

காஸியாபாத்துக்கு அப்பால், முராத்நகரில் கங்கைக் கால்வாயைத் தொட்டு வடக்கே திரும்பினால், இப்பாதையின் குணத்தை முழுவதும் அறியலாம். இடது கரையில் காவடி யாத்திரைக்காரர்களுக்கென்று தார் போட்ட சாலை இருக்கிறது. ஆடி மாதத்தை ஒட்டிவரும் சாவன் காலத்தில் ஹரித்வாரிலிருந்து கங்கை நீர் சுமந்து வருகிற கூட்டத்தால் அது கரைபுரளும். வலது கரைதான் நமக்கு வேண்டியது. குளிர்கால வெயிலில், ஒரு பக்கம் இமயத்துப் பனியின் குளிர்ச்சி மாறாத பச்சை நீர் சுழித்து ஓட, மறுபக்கம் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளிலிருந்து புகையும் பாகின் வாசனையும் சேர்ந்து எழும்ப, மர நிழலும் வெயிலும் மாறி மாறி விழும் பாதையில் டயர் சரசரவென்று போகிற அந்த அநுபவத்துக்கு ஈடாக டெல்லி மாநகர எல்லைக்குள் ஒன்றும் கிடையாது. மீரட்டுக்கு அருகே கால்வாய் படியிறங்கும் அருவியொன்று இருக்கிறது. போலா ஜால் என்று பெயர். விழுகிற நீரில் மின்சாரம் எடுக்கும் பழைய நிலையமும் அங்கே உண்டு.

இந்தக் கரையில்தான் மேற்படி 'ராம் ராம்' நடக்கிறது. பால்காரர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்டார்கள் என்றாலும், பழைய வண்டியை விடாதவர் ஒருவர் எங்கள் கோஷ்டிக்கு எதிரே வந்தார். கேரியரின் இரு பக்கமும் பித்தளைப் பூண் போட்ட பெரிய கேன்கள். குலுங்கிச் சிந்தாமலிருக்கக் கேனின் வாயில் வைக்கோல் திணித்து மூடியை அழுத்தியிருந்தது. பிரேக் கம்பி என்றோ கழன்றுபோய்விட்டபடியால், செருப்புக் காலை முன்சக்கரத்தில் லாகவமாகத் தேய்த்து வண்டியை நிறுத்தினார். என் நண்பருடைய வண்டியைச் சுற்றிவந்து, டயரை மட்டும் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "என்ன விலை, பாபுஜி?" என்றார். நண்பர் கூச்சப்பட்டுப் பாதி விலையைச் சொன்னார். "இந்தப் பணத்துக்கு ஒரு முர்ரா எருமை பிடித்திருக்கலாமே; காலையில் பாலாவது கறக்கும்" என்று சொல்லி ஏறிப் போய்விட்டார். அந்தப் பாதி விலைக்கு எருமை கிடைக்கத்தான் செய்யும்.

பாலுக்காக அவரும் சுகத்துக்காக நாங்களும் போகிற அந்தப் பாதையில், எங்கள் இருவருக்குமே சட்டப்படி உரிமை இருக்கிறதா என்று கேட்டால், விஷயம் சற்றுச் சிக்கலாகிறது. 1873-இல் இயற்றப்பட்ட வட இந்தியக் கால்வாய் மற்றும் வடிகால் சட்டத்தில் குற்றங்களைப் பட்டியலிடும் 70-ஆம் பிரிவு, விதிகளுக்கு மாறாகக் கால்வாயின் கரைமேல் மிருகத்தையோ வாகனத்தையோ செலுத்துவதையும் ஒரு குற்றமாகச் சேர்த்திருக்கிறது. ஆனால் அதிலேயே ஒரு விநோதமான தாக்ஷிண்யமும் கலந்திருக்கிறது: 'போகாதே' என்று சொன்ன பிறகும் போனால்தான் அது குற்றம். ஆகவே, கரையைப் பார்த்துக்கொள்ளும் பேல்தார் எதிரே வந்து கையைக் காட்டித் தடுக்காத வரைக்கும் பால்காரரும் நிரபராதி, நாமும் நிரபராதி. இங்கிலாந்தில் சைக்கிள்காரன் உரிமையின்மேல் போகிறான். இங்கே பேல்தாரின் பராமுகத்தின்மேல் போகிறான். நூற்றைம்பது வருஷங்களாக ஜனங்கள் நடந்து தேய்த்த வழி எந்தப் படத்திலும் வழியாகப் பதிவாகாமல் இருப்பதால், ஒருநாள் வேலி போட்டுவிட்டாலும், அகலப்படுத்தித் தார் ஊற்றிவிட்டாலும், 'எங்கள் வழி எங்கே?' என்று கேட்க ஒருவருக்கும் வாயில்லை. சைக்கிள்காரர்களுக்கென்று புதுப் பாதை போடும் திட்டங்களை அடிக்கடி கேள்விப்படுகிறோம். இருக்கிற பாதையில் போக உரிமை எழுதித் தருவது அதைவிட மலிவான காரியம் என்பது என் அபிப்பிராயம்.

மற்றக் கால்வாய்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். வடமேற்கே பவானாவைத் தாண்டி ஹரியாணாவுக்குள் செல்லும் முனக் கால்வாயின் கரை, ரோஹிணிவாசிகளுக்குப் பக்கம். மேற்கு யமுனைக் கால்வாயிலிருந்து டெல்லிக்குக் குடிநீர் கொண்டுவர, வழியில் கசிந்து வீணாகக் கூடாதென்று 102 கிலோமீட்டருக்குக் காங்கிரீட் பூசி அமைத்த வாய்க்கால் அது. 2016-இல் ஜாட் கிளர்ச்சியின்போது அதை உடைத்துவிட்டதால் டெல்லியே தாகத்தால் தவித்தது நினைவிருக்கலாம். அதன் ஓரத்தில் போகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: காங்கிரீட் பூசிய சரிவில் விழுந்தவன், நீந்தத் தெரிந்தவனானாலும், பிடிக்க ஒரு புல்லும் கிடைக்காமல் கரையேறுவது துர்லபம். மயூர் விஹாரில் இருக்கும் நம்மவர்களுக்கு ஹிண்டன் கால்வாய் கூப்பிடு தூரம். வாசனையைச் சகித்துக்கொண்டால் ஒரு காலைப் பொழுது போகும். ஆக்ராக் கால்வாயின் கரையிலோ, ஃபரீதாபாத் வரைக்கும் வாகன நெருக்கடி ஏறிவிட்டபடியால், அதற்குத் தெற்கேதான் நிம்மதி.

நஜஃப்கட் நாலாவைப் பற்றி மட்டும் இரண்டு வார்த்தை அதிகம் சொல்ல வேண்டும். தான்ஸாவில் தொடங்கி வஜீராபாத்தில் யமுனையோடு கலக்கும் 57 கிலோமீட்டர் நீளச் சாக்கடை என்று அதை எல்லோரும் இகழ்கிறார்கள், இகழ்ச்சி நியாயமானதே. ஆனால் பூர்வத்தில் அது சாஹிபி என்ற நதி. அது தேங்கி நின்ற பரந்த ஏரியை வடிப்பதற்காக வெட்டிய வாய்க்காலில் பின்னாளில் ஊர்க் கழிவெல்லாம் வந்து சேர்ந்தது. நகரத்துக்குள் நுழைவதற்கு முன்னால், சாவ்லாவுக்கு மேற்கே, உயர்ந்த மண்கரைமேல் குளிர்காலத்தில் சைக்கிள் விட்டுப்போனால், இமயத்தைத் தாண்டி வந்த வரித்தலை வாத்துகள் கோதுமை வயலோரத்தில் கூட்டம் கூட்டமாக மேய்வதைக் காணலாம். மூக்கு ஒன்றைச் சொல்ல, கண் வேறொன்றைச் சொல்லும் இடம்.

நீரை விட்டுக் கல்லுக்குப் போக விரும்புகிறவர்களுக்கு ரிட்ஜ் இருக்கிறது. ஆரவல்லி மலைத்தொடர் வடக்கே வந்து ஓய்கிற வால்நுனி அது. நான்கு துண்டுகளாக 7,777 ஹெக்டேர் காடு. பல்கலைக்கழகத்தை ஒட்டிய வடக்குத் துண்டில், 1857-இல் வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஓடி ஒளிந்த கொடிக்கம்பக் கோபுரமும், ஃபிரோஸ் ஷா மீரட்டிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த அசோக ஸ்தம்பமும், எண்ணிலடங்காத குரங்குகளும் உண்டு. சைக்கிளுக்கு வேலை குறைவு. தெற்குத் துண்டுதான் விஸ்தாரமானது. அங்கே பாட்டி கிராமத்தில் கட்டிட வேலைக்கான சிவப்பு பதர்பூர் மணலைத் தோண்டித் தோண்டி விட்டுப்போன பள்ளங்களையும் சேர்த்துக்கொண்டு அசோலா சரணாலயம் அமைந்திருக்கிறது. சிறுத்தை நடமாட்டம் உள்ளபடியால் வனத்துறையின் விதிகளை மீறி உள்ளே புகுவது புத்திசாலித்தனமல்ல. ஹரியாணா எல்லைக்குள், குர்காவுன்-ஃபரீதாபாத் சாலையிலிருந்து பிரிந்து மாங்கர் கிராமத்துப் பக்கம் செல்லும் கல்தடங்களில் வாரக் கடைசியில் சைக்கிள்காரர்களைச் சாதாரணமாகப் பார்க்கலாம். கிராமத்துக்கு அப்பாலுள்ள மாங்கர் பனி, குதரியா தாஸ் பாபா என்ற சாதுவின் பெயரால் ஊரார் காத்துவரும் கோயில்காடு. ஒரு கிளையைக்கூட ஒடிப்பதில்லை என்ற கட்டுப்பாட்டால் 'தௌ' மரங்கள் அங்கே மலைச்சரிவை மூடி நிற்கின்றன. அதன் விளிம்பில் சக்கரத்தை நிறுத்திவிட்டு நின்று பார்ப்பதே மரியாதை.

ரிட்ஜில் சிறுத்தையைவிட நிச்சயமாகச் சந்திக்கக்கூடிய சத்துரு ஒன்று உண்டு. டெல்லிக்காரர்கள் விலாயதி கீகர் என்று சொல்லும் மரம், நம் ராமநாதபுரத்தையும் விருதுநகரையும் ஆட்கொண்டிருக்கிற அதே சீமைக் கருவேல்தான். வெள்ளைக்காரர் ஆட்சியில் ரிட்ஜைப் பசுமையாக்குவதற்காக விதைத்தார்கள். பசுமை வந்தது, மற்ற மரங்கள் போய்விட்டன. அதன் முள் ஒன்று டயரில் ஏறினால் டியூப் போட்ட வண்டி அங்கேயே படுத்துவிடும். ஆகவே இந்தப் பக்கத்து கிராவல்காரர்கள் டியூபையே எடுத்துவிட்டு, டயருக்குள் ரப்பர் பால் கலந்த திரவத்தை ஊற்றிக்கொள்கிறார்கள். முள் குத்திய துவாரத்தில் அது பீறிட்டு உறைந்து தானே அடைத்துக்கொள்கிறது. வீடு திரும்பிய பிறகு டயரைத் துடைக்கும்போதுதான் எத்தனை முட்கள் என்ற கணக்கே தெரியவரும்.

பருவத்தைப் பொறுத்தவரை, ஐப்பசி பிறந்ததிலிருந்து பங்குனி வரை என்று சொல்லலாம். அதிலும் நவம்பரில், வைக்கோல் தாள் எரிக்கும் புகையும் நகரத்துப் புகையும் சேர்ந்து கண் எரிகிற நாட்களில் மிதித்து மூச்சு வாங்குவது ஆரோக்கியத்துக்கு அல்ல. மார்கழி, தை மாதத்து மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் எருமை வண்டி நிற்பது தெரியாது. மழைக்காலத்தில் யமுனைப் படுகையின் வண்டல், சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே அப்பிக்கொண்டு வண்டியைத் தோளில் தூக்க வைத்துவிடும்.

கங்கைக் கால்வாயின் வலது கரைக்குப் போக நினைக்கிறவர்கள் அதைத் தள்ளிப்போடாமலிருப்பது உத்தமம். முராத்நகரிலிருந்து முஸாஃபர்நகர் ஜில்லாவின் புர்காஜி வரை, அந்தக் கரையிலும் 111 கிலோமீட்டருக்குக் காவடிச் சாலை போட உத்தரப் பிரதேச சர்க்கார் தீர்மானித்து, ஒரு லக்ஷத்துக்கும் மேற்பட்ட மரங்களை வெட்டுவதற்கு அனுமதி பெற்றது. 2024-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்த விஷயத்தைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. யாத்திரைக் காலத்து நெருக்கடியைக் கண்டவர்கள் சாலையே வேண்டாம் என்று சொல்லத் துணியமாட்டார்கள். வருஷத்தில் இரண்டு வாரத்துக் கூட்டத்துக்காக மற்ற ஐம்பது வாரமும் லாரிகளுக்குத் திறந்துவிட வேண்டுமா என்று கேட்கலாம். காரில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு சூரியோதயத்துக்கு முராத்நகர் போய்ச் சேருங்கள். பாலத்தடி டீக்கடையில் வேலை எதுவரை வந்திருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு, டயரில் காற்றைச் சற்றுக் குறைத்துவிட்டு, நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் வடக்கு நோக்கி மிதியுங்கள்.